விழித்திரைப் படப் பரிசோதனை கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
மேட்டுத்தெரு, ஏரிக்கரைத் தெரு சர்க்கரை நோயாளிகள் மற்றும் குடும்பத்தினர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் விழித்திரைப் படம் எடுக்கவும், சர்க்கரைப் பதிவுகளைக் கொண்டு கண், சிறுநீரகப் பாதிப்பை முன்கூட்டியே கண்டறியவும் வேண்டுதல் – சார்பு.

பார்வை: குறைதீர்க்கும் நாளில் அளித்து ரசீது பெற்ற எங்கள் முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஏரிக்கரை முகாமுக்குத் தாங்களே நேரில் வந்திருந்ததால் எங்கள் ஊரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முந்தைய மனுக்களுக்குப் 'பரிசீலனையில் உள்ளது' என்பதற்கு மேல் பதில் வராததால் மீண்டும் பணிவுடன் எழுதுகிறோம்.

1. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-ல் தொடங்கியது முதல் சர்க்கரை, ரத்த அழுத்த அளவுகள் வீட்டுக்கே வந்து பதியப்படுகின்றன, மாத்திரையும் வருகிறது. இதில் எங்களுக்குக் குறையில்லை.

2. நோய் வந்து எத்தனை ஆண்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, சிறுநீரில் புரதம் போகிறதா என்ற விவரங்களோடு விழித்திரைப் படத்தையும் சேர்த்துப் பார்த்தால், யாருக்குக் கண்ணும் சிறுநீரகமும் கெடும் வாய்ப்பு அதிகம் என்பதை முன்பே கணிக்கலாம் என்பது தாங்கள் அறியாததல்ல. அப்படத்தைப் பார்த்துக் கணினியே விழித்திரைப் பாதிப்பைக் கண்டறியும் என்று மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் பங்கேற்ற ஆய்வு 2016-லேயே காட்டிவிட்டது. எங்கள் நிலையத்துக்கும் படக்கருவி வந்தது. இயக்க ஆளில்லாமல் உறை போட்டு மருந்து அறையில் நிற்கிறது.

3. அதனால் படும் பாட்டைச் சொல்கிறோம். மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் காலை முதல் பேருந்தில் போனால்தான் சீட்டு கிடைக்கும். கண் பாப்பா விரிய சொட்டு மருந்து விட்டபின் பல மணி நேரம் எதிரே வருவது பேருந்தா லாரியா என்றே தெரியாது. உச்சி வெயிலில் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, படிக்கட்டைக் காலால் துழாவித்தான் ஏற வேண்டும். துணைக்கு வரும் மகளுக்கு நூறு நாள் வேலைக் கூலி போகிறது. இதற்கு அஞ்சியே பலர் 'பார்வை நன்றாகத்தானே இருக்கிறது' என்று இருந்துவிடுகிறார்கள். விழித்திரை கெடத் தொடங்கும்போது வலியுமில்லை, மங்கலுமில்லை என்பதுதான் இந்த நோயின் வஞ்சகம். எங்கள் தெருத் தையல்கார அம்மாவுக்கு ஊசிக்காதில் நூல் கோக்கையில் கண்ணுக்குள் கரும்புகை போல இறங்கியது. போய்ப் பார்த்தபோது உள்ளே ரத்தம் கசிந்திருந்தது. முன்பே தெரிந்திருந்தால் லேசர் சிகிச்சையில் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். அவருடைய சர்க்கரை அளவுகள் மாதந்தவறாமல் உங்கள் துறையின் பதிவில்தானே ஐயா ஏறின? அதைத் திறந்து பார்க்க ஒருவருமா இல்லை?

4. கருவி இருக்கிறது, பதிவு இருக்கிறது. ஆள் மட்டும் இல்லை என்றால் எப்படி?

எனவே, வாரம் ஒரு நாளாவது கண் மருத்துவ உதவியாளர் ஒருவரை அனுப்பி, ஆண்டுக்கொருமுறை அனைவருக்கும் படம் எடுக்கவும், பதிவில் ஆபத்து தெரிபவர்களை முதலில் அழைக்கவும், அவர்களுக்குச் சிறுநீர்ப் புரதப் பரிசோதனையும் செய்யவும் வேண்டுகிறோம். எங்கள் படங்களும் விவரங்களும் சம்மதமின்றி வெளியே போகக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறோம்.

மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்: ஆளை அனுப்புங்கள். எந்தக் கிழமை வருவார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஊர்ப் பொதுமக்கள்

இணைப்பு: முந்தைய மனு ரசீதுகளின் நகல்கள், கையொப்பப் பட்டியல்.