அப்பாவுக்கு வந்த நோட்டீஸும் வின்னிபெக் பார்க்கிங் சீட்டும்

கொழிஞ்சாம்பாறை, கேரளம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கவிதா,

பையனுக்குக் காது குத்திய போட்டோக்கள் எல்லாம் பார்த்தேன். மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற அந்த ஒரு படத்தை அம்மா நாலு தடவை வாங்கிப் பார்த்துவிட்டார். பொள்ளாச்சி என்ன தூரம், கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் வந்துவிடலாம், ஆனால் மறுநாள் எனக்குப் பரீட்சை, அதனால்தான் வரவில்லை. கோபம் வேண்டாம். அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன்.

போனில் ஒன்று கேட்டாயே, வேற நாட்டு அரசமைப்புச் சட்டத்தை எல்லாம் படித்து இங்கே யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று. அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை, பஸ்ஸில் இருந்தேன். இப்போது சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

எங்கள் சட்ட வகுப்பில் எல்லோரும் தொடங்குகிற இடம் கேசவானந்த பாரதி வழக்குதான். காசர்கோடு பக்கம் எடநீர் மடத்தின் சுவாமி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு. 1973-இல் 13 நீதிபதிகள் உட்கார்ந்து, 7-க்கு 6 என்று, நாடாளுமன்றம் அரசமைப்பைத் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைத் தொட முடியாது என்றார்கள். அந்த யோசனைக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1965-இல் டீட்ரிச் கொன்ராட் என்ற ஜெர்மன் பேராசிரியர் பனாரஸ் பல்கலைக்கழகத்தில் பேசினார். எந்தத் திருத்தத்தாலும் மாற்ற முடியாத சில விஷயங்களை ஹிட்லருக்குப் பிறகு ஜெர்மனி தன் சட்டத்திலேயே எழுதி வைத்துக்கொண்டது, அந்த அனுபவத்திலிருந்து வந்த பேச்சு. அது, அடிப்படை உரிமைகளை நாடாளுமன்றம் திருத்தலாமா என்று கேட்ட கோலக்நாத் வழக்கின் வாதத்தில் நுழைந்து, கேசவானந்தாவில் வேறு உருவம் எடுத்து, 1989-இல் வங்கதேச உச்ச நீதிமன்றம் வரை போனது. இதைப் படித்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, நான் சொல்ல வந்தது இது இல்லை. அப்பாவுக்கு வந்த நோட்டீஸ்.

போன வருஷம் நிலம் அளக்கிற விஷயமாக ஒரு அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஒரு பக்கம், முழுக்க மலையாளம், கீழே நீல மையில் சீல். அப்பா மலையாளம் எப்படிப் பேசுவார் என்று உனக்குத் தெரியும். பக்கத்துச் சித்தூர் சந்தையில் பேரம் பேசுவதும், பஸ்ஸில் கண்டக்டரிடம் சண்டை போடுவதும் மலையாளத்தில்தான். ஆனால் எழுத்து தெரியாது. நம் பள்ளிக்கூடத்திலேயே தமிழில் ஏழாவது வரை படித்தவர், கடலைக் காட்டிலும் தென்னையிலும் கிடந்தவர். நான் எர்ணாகுளத்தில் ஹாஸ்டலில். யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்ல அவருக்குக் கூச்சம். மடித்து, சுவரில் காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டார். நான் ஓணம் லீவில் வந்து எடுத்துப் பார்க்கும்போது, ஆட்சேபம் இருந்தால் சொல்ல வேண்டிய தேதி போய் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. கிழக்கு வரப்பு ஓரத்தில் இருந்த சின்னப் பிசகு அப்படியே ஏறிவிட்டது. அதைத் திருத்த இன்னும் அலைகிறோம். ‘பிள்ளை சட்டம் படிக்குது, எனக்கு இது தெரியாமப் போச்சே’ என்று அப்பா சொன்னபோது, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து வகுப்பில் கனடாவின் மானிடோபா வழக்குகள் வந்தன. 1976-இல் வின்னிபெக்கில் ஜார்ஜ் ஃபாரஸ்ட் என்பவருக்கு ஒரு பார்க்கிங் சீட்டு கொடுத்தார்கள், அபராதச் சீட்டு, வெறும் ஆங்கிலத்தில். அவர் பிரெஞ்சு பேசுகிறவர். காசைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். அவர் கோர்ட்டுக்குப் போனார். மானிடோபா மாகாணம் உருவான 1870-ஆம் வருஷச் சட்டத்திலேயே, சட்டங்கள் ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 1890-இல் அங்கே ஆங்கிலப் பெரும்பான்மை வந்ததும், இனி ஆங்கிலம் மட்டும் போதும் என்று மாற்றிவிட்டார்கள். 1979-இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்த மாற்றம் செல்லாது என்றது. அப்புறம் 1985-இல் அதைவிடப் பெரிய தீர்ப்பு: ஆங்கிலத்தில் மட்டும் போட்ட மானிடோபா சட்டங்கள் அத்தனையும் செல்லாது! ஆனால் ஒரே நாளில் சட்டமே இல்லாத மாகாணமாக ஆகிவிடக் கூடாதே, அதனால் மொழிபெயர்த்து மறுபடி நிறைவேற்றுகிற வரைக்கும் தற்காலிகமாக உயிரோடு இருக்கட்டும் என்றார்கள். நூறு வருஷக் காகிதத்தை உட்கார்ந்து மொழிபெயர்த்தார்கள், கவிதா.

அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்குக் காலண்டர்தான் ஞாபகம் வந்தது.

அப்புறம் நம் அரசமைப்புச் சட்டத்தை எடுத்து வைத்து வரி வரியாகப் பார்த்தேன். பிரிவு 350, யாரும் தன் குறையை மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது. பதில் எந்த மொழியில் என்று அதில் இல்லை. 1956-இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது சேர்த்த 350ஏ, ஆரம்பக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலம் முயற்சி செய்ய வேண்டும் என்கிறது. ‘முயற்சி’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது எல்லாம். கேரளத்தின் 1969 ஆட்சி மொழிச் சட்டம் இன்னும் ஒரு படி நல்லது: தமிழரும் கன்னடரும் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தங்கள் மொழியில் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு பேசுவது கடிதத்தையும் பதிலையும் பற்றி. அப்பா யாருக்கும் கடிதம் எழுதவில்லையே, நோட்டீஸ் தானாகத் தேடி வந்தது. என் ஆய்வுக்கு இந்த இடைவெளியையே தலைப்பாக எடுத்திருக்கிறேன்.

எங்கள் சார் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. கனடாவில் பிரெஞ்சு என்பது நாட்டின் இரண்டு ஆட்சி மொழிகளில் ஒன்று, சித்தூர் தாலுகாவில் தமிழின் நிலை அது இல்லை, அங்கிருந்து பிடுங்கி இங்கே நட்டால் வேர் பிடிக்காது என்றார். அவர் சொன்னது சரிதான், அதனால் பெல்ஜியத்தையும் சேர்த்துக்கொண்டேன். அங்கே 1962-63-இல் மொழி எல்லையைக் கோடு போட்டு நிறுத்திவிட்டார்கள், நம் 1956 மாதிரி. கோட்டுக்குத் தப்பான பக்கம் மாட்டிக்கொண்ட பிரெஞ்சுப் பெற்றோர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1968-இல் வந்த தீர்ப்பு, விரும்பிய மொழியில் அரசு செலவில் படிப்பு என்பது உரிமை இல்லை என்று பெரும்பாலும் அவர்களுக்கு எதிராகவே போனது. ஒரே ஒரு விஷயத்தில், பிரஸ்ஸல்ஸைச் சுற்றி இருந்த ஆறு ஊர்களின் பிரெஞ்சுப் பள்ளிகளில், அப்பா அம்மா வெளியூரில் குடியிருக்கிறார்கள் என்பதற்காகப் பிள்ளைகளைச் சேர்க்காமல் விட்டது பாகுபாடு என்றார்கள். அதுவும் 8-க்கு 7. ஒரு ஓட்டு மாறியிருந்தால் அதுவும் இல்லை.

இன்னொன்று. சிறுபான்மையை மாநிலத்தை வைத்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் இங்கே நான் சிறுபான்மை, செக்போஸ்ட் தாண்டி உன் வீட்டு வாசலில் பெரும்பான்மை. ஆனால் சித்தூர் கொச்சி ராஜ்யத்தில் இருந்த ஊர், நம் பாட்டன்மார் மெட்ராஸ் ஆட்சியில் இருந்ததே கிடையாது. 1956-இல் பிரிந்து வந்தவர்கள் இல்லை நாம், எப்போதும் இங்கேதான் இருந்திருக்கிறோம். இதை ஆய்வின் முதல் பக்கத்திலேயே எழுதப் போகிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. உங்கள் தாத்தா கரம் கட்டின ரசீதுகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் கட்டிக் கட்டி வைத்திருப்பாரே, சின்ன வயதில் நாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்து திட்டு வாங்குவோமே, அந்தப் பெட்டி இன்னும் வண்ணாமடை வீட்டில்தான் இருக்கிறதா? அதில் தமிழில் வந்த சர்க்கார் காகிதம் ஒன்றாவது இருக்கிறதா என்று உன் அண்ணனிடம் கேட்டுச் சொல். எந்த வருஷமாக இருந்தாலும் பரவாயில்லை. கிழிந்திருந்தாலும் தேதி தெரிந்தால் போதும், நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா பையனுக்குக் கடலை உருண்டை செய்து வைத்திருக்கிறார், வரும்போது எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
தேவி