சிறுநீரகப் பிரிவைத் தேர்ந்தெடுக்கத் துணைநின்றோருக்கு நன்றி மடல்

சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட மக்களுக்கும், என் கல்லூரிப் பயிற்றுநருக்கும், மருத்துவமனையில் என்னை அருகில் வைத்துக் கற்றுத்தந்த தாதியருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியில் தாதியர் டிப்ளோமா படிப்பின் இறுதி ஆண்டில், வழக்கமான வார்டுப் பயிற்சிகள் முடிந்தபின் ஒரு சிறப்புப் பிரிவை மாணவர்களே தேர்ந்தெடுத்துப் பயிற்சி பெறலாம். தீவிர சிகிச்சை, பிரசவ அறை, மனநலம் எனப் பல பிரிவுகள் இருந்தாலும், என் மனம் அவசரப் பிரிவுக்கும் சிறுநீரகப் பிரிவுக்கும் இடையில்தான் ஊசலாடியது. சிறுநீரகப் பிரிவை எழுதிக்கொடுத்து, அந்தப் பயிற்சியை மனநிறைவோடு முடித்திருக்கும் இவ்வேளையில், அம்முடிவை எடுக்கத் துணைநின்றவர்களுக்குப் பலரறிய நன்றி கூறுவதை என் கடமையாகக் கருதுகிறேன்.

எந்தப் பிரிவு நல்லது என்று நான் கேட்டபோது, என் பயிற்றுநர் எதையும் பரிந்துரைக்கவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் மாணவியை எந்த அளவுக்குக் கைவைத்து வேலை செய்ய விடுவார்கள், பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க மூத்த தாதியருக்கு நேரம் இருக்குமா, ஒரு முறை பார்த்த நோயாளியை மறுபடியும் பார்க்க முடியுமா என்று விசாரித்து எழுதிவரச் சொன்னார். கடைசிக் கேள்விதான் எனக்கு வழிகாட்டியது. அவசரப் பிரிவுக்கு வருபவர் சில மணி நேரத்தில் வார்டுக்கோ வீட்டுக்கோ போய்விடுவார். சிறுநீரகம் செயலிழந்ததால் எந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவரோ பெரும்பாலும் வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணி நேரம் தாதியரின் பார்வையில் இருப்பார். பிரிவின் பெயருக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் மாணவர்களிடையே உண்டு. அதைவிட இக்கேள்விகள் பயனுள்ளவை என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் தோட்ட மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர்களிடம் நீரிழிவே முதன்மைக் காரணமாக இருக்கிறது என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். லயத்து வீடுகளில் இனிப்புநீரோடு வாழ்ந்தவர்களின் சிறுநீரகம் வலியே இல்லாமல் பழுதடைந்ததை அவர் நேரில் கண்டிருந்தார். "காயம் பட்டவன ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போக எல்லாரும் ஓடி வருவாங்கம்மா. வருசக் கணக்கா வாரம் மூணு தரம் போறவன் கூட யாரு போவா?" என்று அவர் கேட்ட மறுநாளே விண்ணப்பத்தை நிரப்பினேன்.

அந்தப் பிரிவின் தலைமைத் தாதியான சிஸ்டர் ஒரு மலாய்க்கார அம்மையார். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்து உருவாக்கும் ஃபிஸ்துலாவின் மேல் என் விரல்களை வைத்து, உள்ளே ஓடும் இரத்தத்தின் அதிர்வை உணரக் கற்றுத்தந்தவர் அவரே. அந்தக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கக் கூடாது, இறுக்கமான வளையல் போடக் கூடாது என்பதற்கெல்லாம், அந்த இணைப்பு அடைபட்டுவிட்டால் நோயாளி படும் பாட்டைச் சொல்லி விளக்கினார். இரண்டு சிகிச்சைகளுக்கு இடையில் உடலில் சேர்ந்த நீரை எடை பார்த்துக் கணக்கிடவும், அதை விரைவாக எடுத்தால் இரத்த அழுத்தம் சரிந்து கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு வரலாம் என்பதால் நோயாளியின் முகத்தை விடாமல் கவனிக்கவும் பழக்கினார். எந்திரத்தின் எண்களைவிட முகம் முன்னதாகச் சொல்லும் என்று அவர் கூறியதைப் பயிற்சிக் காலம் முழுவதும் கண்டேன்.

மலாய் அவ்வளவாகப் புரியாத பெரியவர்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டைத் தமிழில் விளக்கும் பொறுப்பையும் சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார். உடல் சூட்டைத் தணிக்கும் என்று நாம் விரும்பிக் குடிக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். நட்சத்திரப் பழமோ அவர்களின் மூளையைப் பாதிக்கும் நஞ்சாகவே ஆகலாம். இவற்றைப் பொறுமையோடு கேட்டு, மாணவி என்று தயங்காமல் தம் கையை என்னிடம் நீட்டிய பெரியம்மாமார்களுக்கும் ஐயாமார்களுக்கும் நான் தலைவணங்குகிறேன். அவர்கள் அனுமதித்திராவிட்டால் இப்பயிற்சி வெறும் குறிப்பேடாகவே இருந்திருக்கும்.

விடியுமுன் செம்பனைக் காட்டுப் பாதையில் வந்து என்னை வேனில் ஏற்றிச்சென்ற அண்ணனுக்கும், எண்ணெய்ச் செலவை ஏற்றுக்கொண்ட கோவில் நிர்வாகத்தாருக்கும், இரவுப் பணி முடித்து வரும்வரை விழித்திருந்த அம்மா அப்பாவுக்கும் என் நன்றி.

தாதியர் வாரியத்தில் பதிவுபெற்று, சில ஆண்டுகள் பணியாற்றியபின் சிறுநீரகப் பராமரிப்பில் மேற்பயிற்சி பெற எண்ணியுள்ளேன். பயிற்றுநர் எழுதிவரச் சொன்ன அந்தக் கேள்விகளைத் தெளிவாகப் படியெடுத்துக் கோவில் மண்டபத்தில் கொடுத்துவைத்திருக்கிறேன். அடுத்து விண்ணப்பிக்கவிருக்கும் தம்பி தங்கைகள் பெற்றுக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்தும் கேட்கலாம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
சுங்கை சிப்புட் தோட்டத்து மாணவி