கடலோர மண்டபத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் பணிக்குழுவின் வணக்கம்.

பழைய மண்டபத்தைச் செப்பனிடவும், அதன் பின்புறம் நூலகமும் கூட்ட அறையும் கொண்ட புதுக் கட்டடம் எழுப்பவும் பொதுக்குழு ஒப்படைத்த பணி முடிந்துவிட்டது. தணிக்கை செய்த வரவுசெலவுக் கணக்கு தனியே அனுப்பப்படுகிறது. செய்தவற்றையும், வேண்டுமென்றே செய்யாமல் விட்டவற்றையும், அவற்றின் காரணங்களையும் இங்கே தெரிவிக்கிறோம்.

மண்டபத்தை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று ஒரு சாராரும், வளாகத்தில் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்கலாகாது என்று மறுசாராரும் வாதிட்டது உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். குழு இரண்டையும் ஏற்கவில்லை. சமூகத்துக்குப் பயன்படும் கட்டடத்தைக் காப்பது எளிது என்றும், அந்தப் பயன்பாட்டுக்காக அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றலாகாது என்றும் பழங்கட்டடங்களைக் காப்பதற்கான நெறிகளை வகுத்த 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் கூறுகிறது. எங்கள் மண்டபத்தைக் கடற்காற்று கெடுத்ததில் பாதியைப் பூட்டு கெடுத்தது என்பதே குழுவின் கருத்து. ஆள் புழங்காத இடத்தில் கூரை ஒழுகுவதை யாரும் பார்ப்பதில்லை.

பெரும்பகுதிக் காலம் உப்போடு போராடுவதில் கழிந்தது. முந்தைய பழுதுபார்ப்பில் சுண்ணாம்புக் காரையின்மேல் சிமெண்டு பூசியிருந்தார்கள். அந்தப் பூச்சைத் தட்டிப் பெயர்த்தபோது வெளிப்பட்ட செங்கல் விரல் பட்டாலே செந்தூளாக உதிர்ந்தது. பூச்சின் உட்புறம் முழுவதும் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் கடலுப்பு கரைகிறது, குறைந்தால் மீண்டும் படிகமாகிறது. கடலோரத்தில் இது ஓயாமல் நடப்பதால், ஒவ்வொரு முறையும் படிகம் செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே நெம்புகிறது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை வெளியே விட்டு, உப்பையும் தன்மேல் வாங்கிக்கொண்டு, சுவருக்குப் பதிலாகத் தான் உதிர்கிறது. சிமெண்டு அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடுகிறது. எனவே சிமெண்டு முழுவதையும் அகற்றி, உலர்ந்த உப்பைத் தூரிகையால் துடைத்து, ஊறவைத்த காகிதக் கூழைச் சுவரில் அப்பிக் காயவிட்டு உரித்தெடுப்பதைப் பலமுறை செய்தோம்.

இதில் குழுவின் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மழைக்கு முன் முடித்துவிடும் அவசரத்தில், கடலைப் பார்த்த சுவரில் உப்பு முழுதும் இறங்குமுன்பே பூசிவிட்டோம். கொத்தனார் அப்போதே வேண்டாமென்று தடுத்தார். மழை விட்டதும் உப்புப் பூத்துப் பூச்சு பெயர்ந்தது. அந்தச் சுவரை இரண்டாம் முறை பூசியதே பணி தாமதமானதற்குக் காரணம்.

புதுக் கட்டடம் மண்டபத்தின் இறவாரத்தைவிடத் தாழ்வாக, இடைவெளி விட்டு நிற்கிறது. மண்டபத்தின் வளைவுகளையும் தூண்களையும் அப்படியே அதிலும் வைக்கும்படி சிலர் அன்போடு கேட்டார்கள். பழையது எது, புதியது எது என்று பார்ப்பவர் மயங்கக் கூடாதென்பதால் மறுத்துவிட்டோம். வெளிப்புறக் கைப்பிடிகளுக்கும் திருகாணிகளுக்கும் மாலிப்டினம் கலந்த 316 வகைத் துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்தினோம். சாதாரண இரும்பு துருப்பிடித்தால் பருமன் பெருத்து, பதித்த சுவரையும் பிளந்துவிடும். வாயிற்படியை வெட்டாமல், சக்கர நாற்காலி ஏறுவதற்கான மரச்சாய்தளத்தை அதன்மேல் கழற்றக்கூடியதாகப் பொருத்தியுள்ளோம்.

முகப்பில் உடைந்துபோன சுதைச் சிற்பத்தின் மூலவடிவம் தெரிய ஒரு படமும் கிடைக்கவில்லை. ஊகித்துச் செய்வதைவிட வெறுமையே மேல் என்று அவ்விடத்தை அப்படியே விட்டிருக்கிறோம்.

மீந்த சுண்ணாம்புச் சாந்து பின்கட்டுத் தொட்டியில் தண்ணீருக்கடியில் இருக்கிறது. அது வற்றாமல் காவலர் பார்த்துக்கொள்வார். இனி எங்கேனும் காரை பெயர்ந்தால் அந்தச் சாந்தையே எடுத்துப் பூச வேண்டும். ஒரு கரண்டி சிமெண்டுகூட மண்டபச் சுவரில் படக் கூடாது.

இப்படிக்கு,
பணிக்குழுவினர்