பெங்களூரு லால்பாக் பூங்காவில் ஜியோகேச்சிங்: ஞாயிறு காலை 7 மணி

மக்களே, ஜியோகேச்சிங் என்றால் ஜிபிஎஸ் புள்ளியை வைத்து, ஒளித்த டப்பாவைத் தேடும் விளையாட்டு. மேற்கு வாசலில் கூடுவோம். மெட்ரோவில் வருபவர்களுக்கு அதுதான் பக்கம். ஜிபிஎஸ் புள்ளிகளைச் சனி இரவே இங்கே போடுகிறேன். ஆனால் இந்த முறை டப்பா எதையும் ஒளிக்கப் போவதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைப் பார்த்தால் காவலர்கள் சும்மா விடுவார்களா? அதனால் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி, அங்கே நின்று பார்த்தால்தான் விடை.

1889-இல் அடிக்கல் நாட்டிய கண்ணாடி மாளிகை சுலபம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் பாறைதான் என் செல்லம். வயது சுமார் 300 கோடி ஆண்டு, தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் வேறு. அதில் ஓடும் வெளிர், கருநிறப் பட்டைகளை உற்றுப் பாருங்கள், கேள்வி அங்கேதான்.

மரத்தடியில் போன் சில மீட்டர் தள்ளிக் காட்டும். அதை நம்பிப் பூப்பாத்திக்குள் இறங்கிவிடாதீர்கள். நுழைவுச் சீட்டு தேவைப்பட்டால் அவரவர் செலவு. அப்புறம் எம்டிஆர் ஓட்டலில் ரவா இட்லி, வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால். வருபவர்கள் வெள்ளிக்குள் பெயர் போடுங்கள்.