செலவாகாத விக்கெட்டுகளின் கணக்கு

திருப்பூர்,
13.4.2025

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐ.பி.எல். தொடரில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அடுத்தடுத்து ஐந்து ஆட்டங்களில் தோற்றிருக்கும் நிலையில், 2010-ஆம் ஆண்டிலும் இந்த அணி இப்படித்தான் தடுமாறித் தொடங்கிக் கோப்பையோடு முடித்தது, ஆகவே ரசிகர்கள் பொறுமை காக்க வேண்டும் என்று தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டுரையாளரின் நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் காட்டிய உதாரணம் அவர் சொல்ல வந்ததற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. பேட்டிங் வரிசை பற்றி ஊரெல்லாம் நடக்கும் சண்டையும் தப்பான இடத்தில் நிற்கிறது என்று எனக்குப் படுவதால் இதை எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு நூற்பாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆலையின் கிரிக்கெட் அணிக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஸ்கோர் எழுதினேன். மட்டையைப் பிடித்ததைவிடப் பென்சிலைப் பிடித்ததே அதிகம். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. பேரன் எழுதி மிச்சம் வைத்த கணக்கு நோட்டில் கோடு போட்டு, தொலைக்காட்சியில் பார்க்கும் ஆட்டங்களையும் பந்து பந்தாகக் குறித்து வைக்கிறேன். வீட்டில் இதைக் கேலி செய்வதுண்டு, அது வேறு கதை.

முதலில் 2010. அந்த ஆண்டு முதல் ஏழு ஆட்டங்களில் ஐந்தில் தோற்றது உண்மை. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும். காயத்தால் சில ஆட்டங்களில் இல்லாமலிருந்த தோனி அதற்குள் திரும்பி வந்துவிட்டிருந்தார். பாதித் தொடரில் வந்து சேர்ந்த ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டக் பொலிஞ்சர் பந்துவீச்சின் முகத்தையே மாற்றினார். சேப்பாக்கத்தில் ராஜஸ்தானுக்கு எதிராக முரளி விஜய் 56 பந்துகளில் 127 ரன் அடித்தார். தர்மசாலாவில் கடைசி ஓவரில் இர்பான் பதானை அடித்து நொறுக்கி, 29 பந்துகளில் 54 ரன்னோடு தோனி ஆட்டத்தை முடித்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அத்தனைக்கும் பிறகு கிடைத்தது பதினான்கில் ஏழு வெற்றி. அரையிறுதிக்குள் நுழைந்ததே, புள்ளிகள் சமமான அணிகளைப் பிரிக்கும் ரன் விகிதத்தில்தான். அதுவும் எட்டு அணிகள் இருந்த காலம், இன்று பத்து. ஆக, 2010-இல் நம்மைக் காப்பாற்றியது பொறுமை அன்று, மாற்றம். பொறுமைக்கு உதாரணம் வேண்டுமென்றால் 2022-ஐ எடுத்துக்கொள்ளலாம்: முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்று, கடைசியில் ஒன்பதாவது இடத்தில் முடித்தோம்.

இனி பேட்டிங் வரிசை. கடந்த 5-ஆம் தேதி, சனிக்கிழமை, டெல்லி அணியுடனான ஆட்டம் பிற்பகலில் நடந்தது. சனிக்கிழமை எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் சம்பள நாள். மாலையில் கூலியை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் தெருமுனை பேக்கரியின் டிவிக்கு முன்னால்தான் நின்றார்கள். 184 ரன் இலக்கைத் துரத்திய நம் அணி, பதினோராவது ஓவரில் 74 ரன்னுக்கு ஐந்தாவது விக்கெட்டை இழந்தது. விக்கெட் விழுந்ததும் கைதட்டல் எழுந்தது. கையில் பாதித் தேங்காய் பன்னோடு நின்ற ஒரு பையன் விசிலடித்தான். நம் அணியின் விக்கெட் விழுந்ததற்கு நாமே கைதட்டினோம், அடுத்து தோனி வருகிறார் என்பதற்காக. நானும் தட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அன்று தோனியும் விஜய் சங்கரும் கடைசிவரை ஆட்டமிழக்கவில்லை. 57 பந்துகளில் 84 ரன் சேர்த்தார்கள். அணி 158-க்கு 5 என்று முடித்து 25 ரன் வித்தியாசத்தில் தோற்றது. பேக்கரியில் சண்டை மூண்டது. ஒருவர் திரிபாதியை முதலிலேயே அணியில் சேர்த்தது தப்பு என்றார், இன்னொருவர் விஜய் சங்கரை அணியை விட்டு நீக்காததுதான் தப்பு என்றார். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் (டி.என்.பி.எல்.) நம் கோவை கிங்ஸுக்கு ஆடிய சாய் சுதர்சன் குஜராத்துக்கு ரன் குவித்துக்கொண்டிருக்க, நாம் மட்டும் வேடிக்கை பார்க்கிறோமே என்ற பழைய குறையும் எழுந்தது. (நியாயமான குறைதான். ஆனால் அதை ஏலத்தின்போது பேச வேண்டும், ஏப்ரலில் பேசிப் பயனில்லை.) இவ்வளவையும் கேட்டுக்கொண்டு டீயை ஆற்றிக்கொண்டிருந்த, பனியன் துணி வெட்டும் ஒரு கட்டிங் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார்: "ஏனுங்கய்யா, அஞ்சு விக்கெட்டக் கையில வெச்சுக்கிட்டுத் தோத்துப் போயிருக்கறாங்களே, அந்த அஞ்சையும் யாருக்குங் சேத்து வெச்சாங்க?"

பதினெட்டு ஆண்டுகள் ஸ்கோர் எழுதியவனுக்குத் தோன்றாத கேள்வி அது. வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன். அதன் பிறகு 8-ஆம் தேதி பஞ்சாபுடனான ஆட்டத்தையும் சேர்த்துப் பார்த்தேன். பெங்களூருவிடம் 146-க்கு 8, ராஜஸ்தானிடம் 176-க்கு 6, டெல்லியிடம் 158-க்கு 5, பஞ்சாபிடம் 201-க்கு 5. நான்கும் இலக்கைத் துரத்தித் தோற்ற ஆட்டங்கள். நான்கிலும் சேர்த்துப் பதினாறு விக்கெட்டுகள் செலவாகாமல் மிச்சம். அவற்றில் ராஜஸ்தானிடம் தோற்றது ஆறே ரன்னில், பஞ்சாபிடம் பதினெட்டு ரன்னில். ஆலையில் ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது கிடங்கில் நூல் மூட்டை மூட்டையாக இருப்பு நின்று, தறிக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய ஆர்டரும் கொடுபடாமல் போயிருந்தால், சரக்கு இல்லை என்று முதலாளியிடம் யாரும் சொல்ல முடியாது. சரக்கு இருந்தது, உரிய நேரத்தில் வெளியே போகவில்லை என்றுதான் எழுத முடியும்.

தோனி எத்தனையாவதாக இறங்க வேண்டும் என்பதே எல்லாச் சண்டையிலும் நடுநாயகம் என்பதால் அதையும் எண்ணிப் பார்த்தேன். ஆறு ஆட்டங்களில் அவர் இறங்கிய இடங்கள்: எட்டு, ஒன்பது, ஏழு, ஏழு, ஐந்து, ஒன்பது. மொத்தம் ஆடியது 71 பந்துகள், எடுத்தது 104 ரன். அணி முழுவதும் ஆடிய பந்துகளில் இது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அவருடைய முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் முடியாது என்று பயிற்சியாளர் ஸ்டீபன் பிளெமிங் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். 43 வயதில் அது இயல்பு. அதை ஏற்றுக்கொள்ளாமல் வாதிடுவது அவருக்கே செய்யும் அநியாயம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால், எத்தனை விக்கெட் விழுந்த பிறகு அவரை இறக்குவது என்ற கேள்வியே பொருளற்றுப் போகிறது. எந்த ஓவரில் இறக்குவது என்பதுதான் கேள்வி. விக்கெட்டை எண்ணி இறக்கியதால், பெங்களூருவுக்கு எதிராக அஸ்வினுக்கும் பின்னால், ஆட்டம் கைநழுவிய பிறகு வந்து 16 பந்துகளில் 30 ரன் அடித்தார். அதே வழக்கத்தால் டெல்லிக்கு எதிராகப் பதினோராவது ஓவரிலேயே வர நேர்ந்து 26 பந்துகளில் 30 ரன்னோடு நின்றார். பஞ்சாபுக்கு எதிராக ஐந்தாவதாக வந்தபோது 12 பந்துகளில் 27. ஒருவரே, இரண்டே வாரம். வந்த நேரம்தான் வேறு.

இந்த இடத்தில் ஓர் அமெரிக்க அனுபவத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 2019-இல் நானும் என் மனைவியும் வர்ஜீனியாவில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தோம். ஸ்கோர் நோட்டு இல்லாமல் நான் படும் பாட்டைப் பார்த்த மாப்பிள்ளை, மே மாதத்தில் ஒரு நாள் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே பார்வையாளர்களே அட்டை வாங்கி ஸ்கோர் எழுதுகிறார்கள் என்று கண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. பந்தை எறியும் பிட்சருக்கு எண் 1, பின்னால் குந்தியிருக்கும் கேட்சருக்கு 2, இப்படி ஒன்பது இடங்களுக்கும் எண்கள் உண்டு. யாரிடமிருந்து யாருக்குப் பந்து போய் ஆள் அவுட் ஆனார் என்பதை 6-4-3 என்று மூன்று எண்களில் முடித்துவிடுகிறார்கள். அடிக்க வேண்டிய பந்தை விட்டால் அது ஒரு ஸ்டிரைக், மூன்று சேர்ந்தால் அவுட்; மட்டையை வீசாமல் மூன்றாவது ஸ்டிரைக்கில் நின்றபடியே அவுட் ஆனவருக்கு, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலமாகத் திருப்பிய ஓர் ஆங்கில 'கே'. ஒரு மனிதனின் தயக்கத்தைக் குறிக்க இதைவிடச் சுருக்கமான குறியை நான் கண்டதில்லை.

அன்று எங்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசியது அத்தனையும் எங்கள் பேக்கரிப் பேச்சுத்தான், மொழி மட்டும் வேறு. இவரை ஏன் முதலில் இறக்குகிறார்கள், அவரை ஏன் ஆறாவதாக, மேலாளர் (நம் தலைமைப் பயிற்சியாளரைப் போன்றவர்) டேவ் மார்டினெஸை எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி அணி 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி என்று கிடந்தது. மாப்பிள்ளை ஒரு கணக்கைச் சொன்னார். பேஸ்பாலில் ஒன்பது பெயர்களும் எழுதிய அட்டை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் போய்விடும். அந்த வரிசை ஆட்டம் முடியும்வரை சுழன்றுகொண்டே இருக்கும். ஒருவரை எடுத்துவிட்டு அதே இடத்தில் மாற்று ஆளை இறக்கலாம், வெளியே போனவர் திரும்பி வர முடியாது. ஆகவே ஒருவரை வரிசையில் ஒரு படி கீழே இறக்கினால், ஒன்பது ஆட்டங்களுக்கு ஒரு வாய்ப்புத்தான் குறையும். 162 ஆட்டங்கள் கொண்ட பருவம் முழுவதற்கும் ஏறத்தாழப் பதினெட்டு வாய்ப்புகள். இதற்காகவா இந்தச் சண்டை என்று சிரித்தார். நேஷனல்ஸ் அணியின் உண்மையான நோய் வேறு இடத்தில் இருந்தது: முன்வரிசையில் ஆடும் டிரே டர்னர் ஏப்ரல் தொடக்கத்தில் விரல் முறிந்து மே நடுப்பகுதிவரை ஆடவில்லை, ஆட்டத்தின் பின்பகுதியில் வரும் பிட்சர்கள் முன்னிலையைக் காக்கத் தெரியாமல் திணறினார்கள். நிர்வாகம் மார்டினெஸை மாற்றவில்லை. எஞ்சிய 112 ஆட்டங்களில் 74-இல் வென்றார்கள். அக்டோபர் 31-ஆம் தேதி காலை, ஹூஸ்டனில் ஏழாவது ஆட்டத்தை வென்று, பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் கோப்பையை எடுத்துவிட்டார்கள் என்று மாப்பிள்ளை தொலைபேசியில் கத்தினார்.

தங்கள் கட்டுரையாளருக்கு இது இன்னும் நல்ல உதாரணமாகத் தோன்றலாம். கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். பதினான்கில் ஆறு ஆட்டங்கள் என்பது அவர்களுடைய 162-இல் ஏறத்தாழ 69 ஆட்டங்களுக்குச் சமம். அவர்களுக்குப் பொறுமை காக்க 112 ஆட்டங்கள் இருந்தன, நமக்கு இருப்பவை எட்டு. அவர்கள் வரிசையில் ஒரு படி என்பது பருவத்துக்குப் பதினெட்டு வாய்ப்பு. இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் நான்காவதாக வருவதற்கும் ஏழாவதாக வருவதற்கும் இடையே மொத்த ஆட்டமுமே போய்விடுகிறது. அங்கே வெட்டிப் பேச்சாக இருக்கும் வரிசைச் சண்டை இங்கே உயிர்நாடி. கொல்கத்தாவிடம் கடந்த வெள்ளிக்கிழமை 72 ரன்னுக்கு ஏழு விக்கெட் விழுந்த பிறகு தோனி ஒன்பதாவதாக வந்து ஒரு ரன்னில் வெளியேற, 103 ரன்னை எதிரணி 59 பந்துகள் மீதமிருக்கக் கடந்தது. அந்தத் தோல்விக்கு வரிசை மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். சுனில் நரைன் அன்று வீசிய விதத்துக்கு எந்த வரிசையும் தாங்கியிருக்காது. பஞ்சாபிடம் தோற்றதிலும் நழுவவிட்ட கேட்சுகளுக்குப் பங்குண்டு. ஆனால் மற்ற மூன்றுக்கும் அந்தச் சமாதானம் செல்லாது.

முழங்கை எலும்பு முறிந்து கேப்டன் ருதுராஜ் விலகிவிட்ட நிலையில், எப்படியும் வரிசையைப் புதிதாக எழுதித்தான் ஆக வேண்டும். மூன்று ஆண்டுகளாக அணியோடு இருந்தும் ஒரு வாய்ப்பும் பெறாத ஷேக் ரஷீதை ரச்சின் ரவீந்திராவோடு தொடக்கத்தில் இறக்கிப் பார்க்கலாம். ஷிவம் துபேயை எந்த நிலையிலும் நான்காவதுக்குக் கீழே தள்ளக் கூடாது. தோனி பதினைந்தாவது ஓவர் முடிந்ததும், இரண்டு விக்கெட் விழுந்திருந்தாலும் ஆறு விழுந்திருந்தாலும், அடுத்து வருபவராக இருக்கட்டும். கட்டிங் மாஸ்டர் இதை அவர் தொழில் வழியாகச் சொன்னார்: "ஓவர்லாக் தையல் அடிக்கறவனக் கொண்டுபோயி செக்கிங்ல உக்கார வெச்சா, பீசு எப்படிங் வெளிய வரும்?"

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. தங்கள் நாளிதழ் ஆட்டத்துக்கு மறுநாள் ரன்களை மட்டும் அச்சிடுகிறது. இறங்கிய வரிசையிலேயே பெயர்களைப் போட்டு, ஒவ்வொருவரும் ஆடிய பந்துகளையும், அவர் உள்ளே வந்தபோது நடந்துகொண்டிருந்த ஓவரையும் பக்கத்தில் சேர்த்தால், அரைப் பத்திக்கு மேல் இடம் பிடிக்காது. பேக்கரிகளில் நாங்கள் பெயர்களை வைத்துச் சண்டையிடுவதை விட்டுப் பந்துகளை வைத்துச் சண்டையிடுவோம்.

நாளை சித்திரைக்கனி. கனித்தட்டில் மாம்பழமும் கொன்றைப்பூவும் வைத்துக் காலையில் கண் விழித்து, இரவில் லக்னோ ஆட்டத்துக்கு நோட்டில் புதுப் பக்கம் திறப்பேன். அதில் வழக்கமான கட்டங்களோடு, வலது ஓரத்தில் 'மிச்ச விக்கெட்' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைக் கணக்கர்,
திருப்பூர்.