கருப்பை வாய்ப் பரிசோதனை: நம் தோட்டத்துப் பெண்களுக்கு

அன்புள்ள அக்காமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகம் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமி பெரும்பாலோரின் உடலில் ஓரிரு ஆண்டுகளில் தானாகவே மறைந்துவிடும். எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலிலோ அது தங்கிவிடுகிறது. கருப்பை வாயின் உயிரணுக்கள் புற்றுநோயாக மாறப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் எடுக்கும். அம்மாற்றம் எச்.ஐ.வி.க்குச் சிகிச்சை பெறாதவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடலாம். ஆகவே எச்.ஐ.வி.யுடன் வாழும் பெண்கள் 30 வயதுவரை காத்திராமல் 25 வயதிலேயே தொடங்கி, 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். எச்.ஐ.வி. மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறேன், அது போதாதா என்று ஓர் அக்கா கேட்டார். மாத்திரை மிக அவசியம். ஆனாலும் பரிசோதனைக்கு அது ஈடாகாது.

கூச்சம்தான் பலரைத் தடுக்கிறது என்பதை அறிவேன். எச்.பி.வி. சோதனைக்கு, நீண்ட பஞ்சுக்குச்சி போன்ற ஒன்றைக் கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு நீங்களே மாதிரி எடுத்துத் தாதியிடம் கொடுக்கலாம். வலி இராது, சில நிமிட வேலைதான். இவ்வசதி உண்டா என்று அரசாங்கக் கிளினிக்கில் கேளுங்கள். 13 வயது மகளுக்குப் பள்ளியில் எச்.பி.வி. தடுப்பூசிப் படிவம் கொடுத்தால், தயங்காமல் கையெழுத்திடுங்கள்.

யாருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று இக்குழுவில் எவரும் கேட்கவோ ஊகிக்கவோ வேண்டாம். கிளினிக்குக்குத் துணை தேவைப்படுவோர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். காரணம் கேட்காமல் உடன் வருகிறேன்.