வாசலில் ஓடு கிடக்கட்டும்

கடியபட்டணம்

மக்ளே,

உங்கள் குழு செய்த பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) விளையாட்டைப் பக்கத்து வீட்டுப் பையன் என் போனில் இறக்கித் தந்தான். முதல் நாளே பதினோரு தடவை செத்தேன். ஒன்பது தடவை அஞ்சாளை என்கிற பாம்பு மாதிரி மீனின் வாயில். "இருபது வருஷம் சிப்பிக்கு முங்கின ஆளாக்கும்!" என்று உங்க அம்மை சிரிக்கிறாள்.

அவசரப்பட்டு நீந்தவிட்டால் சீக்கிரம் களைத்துவிடுகிறது. மூன்று இதயத்தில் இரண்டு செவுளுக்கு, ஒன்று உடம்புக்கு; நீந்தும்போது உடம்புக்கான இதயம் நின்றுவிடுமாமே. பாறையில் ஊர்ந்தே போவதைப் பார்த்துச் சோம்பேறி என்று நினைத்திருந்தேன். பாவம். 50 கோடி நரம்பு செல்லில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் என்று போட்டிருந்ததை உடனே நம்பினேன். அறுத்துப்போட்ட கை என் விரலைச் சுற்றிப் பிடித்திருக்கிறது.

அப்புறம் அந்தத் துளை. சிப்பியைக் கொட்டித் தரம் பிரிக்கும்போது சில வெற்றுத் தோட்டில் ஊசி குத்தினது போலப் பொடித்துளை இருக்கும். எல்லாம் சங்கின் வேலை என்றே நினைத்திருந்தேன். பேய்க்கணவாயும் துளைத்து, உள்ளே எச்சிலை விட்டுச் சதையைத் தளர்த்தும் என்று இந்த வயதில் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் ஒரு குறை. தின்று முடித்ததும் ஓடு மாயமாகிவிடுகிறது. அது எங்கே போகும்? பொந்து வாசலில்தான் குவியும். நாங்கள் பொந்தைத் தேடமாட்டோம், குப்பையைத் தேடுவோம். கறுத்த பாறையடியில் நண்டு ஓடும் சிப்பித் தோடும் வெளுத்துக் கிடக்கும். அதற்குப் பின்னால் கையளவு இடுக்கு. இடுக்குக்குள் ஒரு கண். அப்புறம் கம்பியை நீட்ட வேண்டியதுதான். ஓடு சேரச் சேர எதிரிக்குப் பொந்து தெரிகிற மாதிரி வையுங்கள். ஆடுகிறவனுக்கு அப்போதுதான் பயம் வரும்.

கடைசிக் கட்டத்தில் அம்மை போனைப் பிடுங்கிக்கொண்டாள். முட்டைக்குக் காவல் இருக்கும் தாய்க்கு நண்டு கொடுத்துப் பார்த்தாள். அது தொடவில்லை. குஞ்சு பொரித்ததும் செத்துப்போனது. "இதை மட்டும் மாத்தச் சொல்லுங்க" என்கிறாள். மாற்றாதே. உள்ளது அதுதான். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

கிறிஸ்துமசுக்கு வரும்போது கடல் தெளிந்திருந்தால் அந்த வாசலை நேரில் காட்டுகிறேன். என் பழைய முங்கு கண்ணாடிக்கு ரப்பர் மாற்ற வேண்டும்.

அப்பா